ஏழாவது கல்

1

உண்மையைச் சொல்லிவிடுகிறேன். ஏற்காட்டு மலையில், மஞ்சக்குட்டையில், ஆசியா என்ற பெண்ணின் டீக்கடைக்குப் பின்னால் சில கற்கள் வரிசையாக இருந்தன (எத்தனை என்று இப்போது சொல்ல மாட்டேன்). ஒவ்வொன்றிலும் நீலப் பெயின்ட்டில் பெயர். சமாதியோ என்று பயந்தே போனேன். ஆசியாவுக்குச் சிரிப்பு தாங்கவில்லை.

"வேன் உருளாம சக்கரத்துக்கு அண்டக் குடுக்கற கல்லுங்க. அடுத்த வருசம் வர்றவங்க கல்லு இங்கயே இருக்கும். வராதவங்களுத நானே காப்பித் தோட்டத்துல வீசிருவனுங்க."

இந்தக் கதை அங்கேதான் கிடைத்தது.

2

முதல் தொடக்கம்: 'பனி விலகியது. மாசி பிறந்தது. மலை

(மலை என்ன செய்தது என்று தெரியவில்லை. அடித்துவிட்டேன்.)

ஊர் உலகமெல்லாம் ஏற்காட்டுக்குக் கோடையில் வரும். ரிட்டையர் ஆன ஏழு குடும்பங்கள் மட்டும், வேனுக்குள்ளேயே கட்டிலும் அடுப்பும் வைத்துக்கொண்டு, மார்கழிக் குளிருக்கென்றே வந்து ஆசியாவின் கடையை ஒட்டிய மைதானத்தில் தங்குவார்கள். மாசி பிறந்தால் கிளம்பிவிடுவார்கள். அந்த வருடம் ஆறு வேன்கள் போய்விட்டன. மிச்சம் கண்ணாயி.

3

'கணவனை இழந்த அபலையான கண்ணாயி' என்று எழுதி, வெட்கப்பட்டு நிறுத்தினேன். அறுபத்தெட்டு வயது, நர்ஸாக இருந்து ஓய்வுபெற்றவர். வேனை எப்போதும் ஓட்டியது கணவர் மாதேஸ்வரன். அவர் ஆடியில் காலமானார். மகன் சுப்பிரமணி இந்த ஒருமுறை ஓட்டிவந்து விட்டுவிட்டு, கறாராக ஒன்று சொன்னான்: சீசன் முடிந்ததும் அம்மாவே அடிவாரம் வரை ஓட்டிவந்தால் வேன் அவருக்கு. இல்லையென்றால் விற்றுவிடுவான்.

"வண்டின்னு நெனச்சுட்டான். இது எங்க ஊடு, சாமி" என்றார் கண்ணாயி ஆசியாவிடம்.

இரண்டு மாதம், தினமும் காலையில், மைதானத்து மேட்டில் வேனை ஏற்றிப் பழகினார். வண்டி பின்னால் உருண்டால் சக்கரத்தடியில் போட, ஆசியா கல்லைத் தூக்கிக்கொண்டு கூடவே நடந்தார்.*

* அந்தக் கற்களில் ஒன்றை நானும் தூக்கிப் பார்த்தேன். பத்தடி நடக்க முடியவில்லை.

4

கடைசி நாள். வேன் மேட்டில் இரண்டு முறை நின்றது. இரண்டு முறையும் ஆசியா கல்லைப் போட்டார்.

இந்த இடத்தில் அவர் 'பயப்படாதீங்கம்மா' என்றதாக எழுதியிருந்தேன். படித்துக் காட்டியபோது அடிக்கச் சொன்னார். அவர் சொன்னது இது:

"கிளச்ச மெதுவா உடுங்கம்மா. கல்லு எங்கிட்ட இருக்குது."

மூன்றாம் முறை வேன் ரோட்டில் ஏறியது. கண்ணாயி தலையை நீட்டினார்.

"கல்ல வீசிராத கண்ணு. கீழ போயிப் போன் பண்றேன்."

5

முடிவு அ: சுப்பிரமணி கண்கலங்கி அம்மாவைக் கட்டிக்கொண்டு (சினிமா. வேண்டாம்.)

முடிவு ஆ: பதினான்காவது கொண்டை ஊசி வளைவில் (மாட்டேன். அந்த அம்மாவுக்கு அதைச் செய்ய எனக்கு மனசு வராது.)

கற்கள் ஆறா ஏழா என்று எண்ணினேன். ஆனாலும் சொல்லப்போவதில்லை. கண்ணாயி அடிவாரம் சேர்வாரா என்ற விடை தெரிந்துகொண்டு ஆசியா எதையும் செய்யவில்லை. அதனால்தான் அவர் மேல் எனக்கு இவ்வளவு மதிப்பு. வேன் கண்ணுக்கு மறைந்ததும் கல்லைக் கழுவி, ஒரு மணி நேரம் வெயிலில் காயவைத்தார். அதில் 'மாதேஸ்வரன்' என்று மட்டும் இருந்தது. அதை அழிக்காமல், கீழே 'கண்ணாயி' என்று எழுதத் தொடங்கினார்.

பாதிப் பெயரில் போன் அடித்தது. அவர் கையெல்லாம் பெயின்ட்.

பக்கத்தில் நிற்பது நீங்கள்தான். எடுத்துப் பேசுங்கள். அவர் பெயரை முழுசாக எழுதி முடிக்கட்டும்.