இடம் மாறி வந்த மீன்

தேவதாஸ் வாழ்நாளில் பெரிதாகச் சொன்ன பொய் ஒன்றுதான். சொல்லி ஒரு வருடமாகிறது. நண்பன் லோகா என்கிற லோகேஸ்வரன் கடலில் விழுந்த இடத்தை அவன் மாற்றிச் சொல்லிவிட்டான்.

கோலசிலாங்கூர் ஆற்றுமுகத்தில், கண்டல் மரங்கள் கண்ணுக்குத் தெரிகிற தூரத்தில் விழுந்தான் என்றான். உண்மையில் விழுந்தது அங்கிருந்து ஒரு மணி நேரம் தள்ளி, அடியில் மணல் கிடக்கும் ஆழக்கடலில். மேகம் சரியில்லை, வெளிக்கடலுக்குப் போகாதே என்று படகு முதலாளியான தவுக்கே சொன்னதைக் கேட்காமல், தயங்கிய லோகாவையும் பயந்தாங்கொள்ளி என்று கிண்டலடித்து மீன் பிடிக்க அழைத்துப் போனது தேவதாஸ்தான். கரைக்கு வந்ததும் போலீஸ்காரர் “எங்கே?” என்று கேட்டார். அடுத்து “ஏன் அங்கே போனீர்கள்?” என்று கேட்பார் என்பது இவனுக்குத் தெரிந்தது. கை தானாக ஆற்றுமுகத்தைக் காட்டியது.

நாலு நாள் ஆற்றுமுகத்தையே சலித்தார்கள். இரண்டாம் நாள் உண்மையைச் சொல்லிவிடலாம் என்று நினைத்தான். மூன்றாம் நாள் சொல்ல வெட்கமாக இருந்தது. நாலாம் நாள் போனதும், இனிச் சொல்லி என்ன ஆகப்போகிறது என்று தனக்குத் தானே சமாதானம் சொல்லிக்கொண்டான். கோழைக்குக் காரணத்துக்கா பஞ்சம்?

இன்று காலை அதே பொய்யான இடத்தில்தான் படகை நிறுத்தியிருக்கிறான். எதிர்ப்பலகையில் லோகாவின் மனைவி மோகனா உட்கார்ந்திருக்கிறாள். மடியில் ஒரு பாட்டில் பால். தேவதாஸின் மனைவி சந்திரிகாவுக்குக் கடலைப் பார்த்தாலே தலை சுற்றும் என்பதால் அவள் படகுத்துறையிலேயே இருந்துவிட்டாள். இவர்கள் எல்லோரும் ஈஜோக் பக்கம் தோட்டத் தொழிலாளர் வீடுகளான ஒரே லயத்தில் வளர்ந்து, பிறகு சுங்கை சோவுக்குக் குடிபோனவர்கள். தேவதாஸும் லோகாவும் ஒரே தொழிற்சாலையில் லோரி ஓட்டினார்கள்.

உடல் கிடைக்காததால் மோகனா கருமாதி செய்யவில்லை. தாலியையும் கழற்றவில்லை. ராத்திரியில் கதவைப் பூட்டுவதும் இல்லை. கேட்டால், “சாவிய வீட்டுலயே வச்சிட்டுப் போயிட்டாரு. வந்தா எப்படித் தொறப்பாரு?” என்பாள். இதைச் சந்திரிகா வந்து சொன்ன அன்றிலிருந்து தேவதாஸுக்குச் சோறு இறங்குவதில்லை.

கோயிலில் பூப்போட்டுக் கேட்பார்களே, அப்படி ஒன்றைத்தான் மோகனா இன்று கடலிடம் கேட்க வந்திருந்தாள். லோகாவின் தூண்டில் கயிற்றையும் கொண்டுவந்திருந்தாள்.

“அண்ணே, அவரு விழுந்தது இங்கதானே?”

“இங்கதாம்மா.”

அவள் தண்ணீரைப் பார்த்துச் சொன்னாள். “நீங்க இங்க இருந்தீங்கன்னா என் கையில ஏதாச்சும் ஒன்னு குடுங்க. குடுத்தீங்கன்னா நீங்க போயிட்டீங்கன்னு நான் நம்பிடுறேன். பால ஊத்தி, கருமாதிய முடிச்சிடுறேன்.”

இறாலை முள்ளில் கோத்துத் தந்தபோது தேவதாஸின் மனம் கெஞ்சியது. ஒரு கெளுத்தி போதும். சேற்றில் கிடக்கும் நாலு விரல் கெளுத்தி கடித்தால் இவள் பிழைத்துக்கொள்வாள், நானும் தப்பித்துக்கொள்வேன். அவன் வேண்டியது லோகாவிடமா, சாமியிடமா என்பது அவனுக்கே தெரியாது.

கயிறு இறுகியது. மோகனா திடுக்கிட்டுப் பிடித்தாள். கெளுத்தியின் இழுப்பு இல்லை அது. அடியில் யாரோ உட்கார்ந்துகொண்டு விடமாட்டேன் என்கிற மாதிரிப் பாரமாக இருந்தது. அவள் உள்ளங்கை சிவக்கச் சிவக்க இழுத்தாள். கலங்கிய தண்ணீருக்குள்ளிருந்து தாம்பாள அகலத்தில் ஒரு மீன் தட்டையாக ஏறி வந்தது. ஒரு பக்கம் மண்நிறம், மறுபக்கம் வெள்ளை. கண் இரண்டும் மண்நிறப் பக்கத்திலேயே இருந்தன.

எருமை நாக்கு.

தேவதாஸ் பின்னால் நகர்ந்தான். ஆழத்து மணலில் படுத்துக் கிடக்கிற மீன் அது. இந்தச் சேற்றில் அது வந்து அவன் பார்த்ததே இல்லை. ஆனால் போன வருடம், அங்கே, லோகாவின் தூண்டிலில் கடைசியாகச் சிக்கியது இதுதான். “நானே தூக்குறேன் லா” என்று லோகா குனிந்தான். அலை ஒன்று படகைச் சாய்த்தது. மீனும் அவனும் சேர்ந்தே போனார்கள். இது தேவதாஸைத் தவிர உலகத்தில் யாருக்கும் தெரியாது.

மீன் படகின் அடியில் விழுந்து, பல் தெரிய வாயைத் திறந்து மூடியது. தேவதாஸ் வலப்பக்கம் நகர்ந்தான். அதன் கண்கள் அவனையே பார்த்தன. இடப்பக்கம் நகர்ந்தான், அப்போதும் பார்த்தன.

மோகனா அழுதுகொண்டே சிரித்தாள். ஒரு வருடமாக அந்த முகத்தில் சிரிப்பைக் கண்டவர் இல்லை. “குடுத்துட்டாரு பாருங்கண்ணே! இங்கதான் இருக்காரு. இது போதும் எனக்கு.” பால் பாட்டிலின் மூடியில் கை வைத்தாள்.

இன்னும் அரை நிமிடம் வாயை மூடிக்கொண்டிருந்தால் எல்லாம் முடிந்துவிடும். அவளுக்கு நிம்மதி, அவனுக்கு விடுதலை. கடலே அவன் பொய்யை மெய்யாக்கித் தந்திருக்கிறது. ஆனால் பால் விழப்போவது யாரும் இல்லாத தண்ணீரில். அது லோகாவுக்குப் போய்ச் சேராது. அந்த மீனின் முன்னால் உட்கார்ந்துகொண்டு அதைப் பார்த்திருக்க அவனால் முடியவில்லை.

“ஊத்தாத மோகனா. இங்க இல்ல.”

“என்னது?”

“அவன் விழுந்தது இங்க இல்லம்மா. வெளியில. நான்தான் கூட்டிட்டுப் போனேன். பயந்து போயி மாத்திச் சொல்லிட்டேன்.”

அவள் அடிக்கவில்லை, கத்தவில்லை. அடித்திருந்தால்கூட நன்றாக இருந்திருக்கும். கரையோரம் இருந்த ஒரு கல்லைக் காட்டினாள்.

“அந்தக் கல்லு மேல நின்னுதான் கூப்பிட்டேன்” என்றாள். “தண்ணியில போனவங்கள பேரு சொல்லிக் கூப்பிட்டா ஒடம்பு மேல வரும்னாங்க. நாலு நாளு கூப்பிட்டேன். ரத்தம் வந்துச்சு தொண்டையில. எம்மேல ஏதும் கோவமோ, அதான் வரலியோன்னு ஒரு வருசமா நெனச்சிட்டிருக்கேன்.”

தேவதாஸ் தலை குனிந்தான். குனிந்தால் மீன்.

“அங்க போவணும், படக எடுங்க” என்றாள்.

ஒரு மணி நேரம் படகு ஓடியது. தண்ணீர் பழுப்பிலிருந்து பச்சையானது, கரை மறைந்தது. இயந்திரத்தை நிறுத்தி, “இங்கதான்” என்றான்.

மோகனா பாட்டிலைத் திறக்கவில்லை.

“கூப்பிடுங்க.”

“நானா?”

“நான் கூப்பிட்டுட்டேன். இப்ப நீங்க கூப்பிடுங்க.”

“லோகா” என்றான். காற்று அதை வாங்கிக்கொண்டு போனது.

“சத்தமா.”

“லோகா!”

பத்துத் தடவை, இருபது தடவை கூப்பிட்டான். வெயில் உச்சிக்கு வந்தது. தொண்டை கிழிந்து உப்புக் கரித்தது. அழுகையும் பெயரும் ஒன்றாகவே வெளியே வந்தன. போதுமா என்று கேட்பதுபோல் அவள் முகத்தைப் பார்த்தான்.

“எனக்கு நாலு நாளு ஆச்சுண்ணே” என்றாள் மோகனா. “கூப்பிடுங்க.”