முழு மனிதரையும் பார்க்கும் கல்லூரி

கோர்ட்னி ஹால்ஸ்டெட் முள்கரண்டியைத் தட்டில் போட்ட சத்தத்தில், மேஜைக்கு அடியில் படுத்திருந்த நாய் எழுந்து வெளியே போய்விட்டது. அதற்கு வீட்டு நிலவரம் தெரியும்.

"இன்னொரு தடவ சொல்லு."

"ஆயிரத்து ஐந்நூத்து எழுபதும்மா," என்றான் மகன் பிரெஸ்டன்.

"யாரு, அந்த டோனட் கடைப் பொண்ணா?"

"நோரீன் பெலாஞ்சர். என் கிளாஸ்தான்."

"உன்னுது?"

"தெரிஞ்சுகிட்டே கேக்கறீங்களேம்மா. ஆயிரத்து ஐந்நூத்துப் பத்து."

அந்த ஆயிரத்து ஐந்நூற்றுப் பத்துக்காக வாரம் தவறாமல் பாஸ்டனிலிருந்து ஓர் ஆசிரியர் காரில் வந்து போனார். நோரீன் படித்தது எங்கள் ஊர் நூலகத்தில், அட்டை போன ஒரு பழைய வழிகாட்டியில். ஆயிரத்து அறுநூறே உச்சமான நுழைவுத் தேர்வில் அவள் வாங்கியதற்குமேல் அதிகம் மிச்சமில்லை.

"கெட்டிக்காரப் பொண்ணுதான் போல," என்றார் அப்பா டக்ளஸ்.

"நீங்க பேசாம சாப்பிடுங்க."

கோர்ட்னியால் சாப்பிட முடியவில்லை. வயிற்றில் ஏற்கெனவே ஒன்று எரிந்துகொண்டிருந்தது.

பள்ளி கிரேடில் இரண்டு பிள்ளைகளும் ஒன்றுதான். இருவரும் பி-யும் சி-யுமாக வாங்கிவந்தார்கள். பிரெஸ்டனின் சி-க்கள் தூக்கத்தில் விளைந்தவை. நோரீன் விடியுமுன் டோனட் கடையைத் திறந்து, அடுப்பு வேலையை முடித்துவிட்டு ஓடி வருவாள். முதல் வகுப்பு தொடங்கியிருக்கும். மூன்று தாமதம் ஒரு விடுப்பு, விடுப்பு கூடினால் கிரேடு இறங்கும் என்பது பள்ளி விதி.

கல்லூரி ஆலோசகர் மிஸ்டர் லூமிஸ் காலையில் கோர்ட்னியிடம் சொன்னார்: "உங்க பையன் லேட்டாப் பூக்கற செடி, மேடம். அவன் அறிவுக்கு இந்த கிரேடெல்லாம் ஒரு அளவே இல்ல." மாலையில் அதே நாற்காலியில் உட்கார்ந்திருந்த நோரீனிடம், "மூளை இருக்கும்மா, ஒழுங்குதான் இல்ல. கிரேடு பொய் சொல்லாது," என்றார். இரண்டையும் மனமாரத்தான் சொன்னார்.

இருவரும் விண்ணப்பிக்கப்போவது ஒரே கல்லூரிக்கு. வசதி இல்லாத வீட்டுப் பிள்ளையை எடுத்தால் தங்குமிடம், சாப்பாடு, படிப்பு அத்தனையும் கல்லூரி பொறுப்பு. நோரீனுக்கு டோனட் அடுப்பை விட்டு வெளியேற அது ஒன்றே வழி. பழைய மாணவர்களின் பிள்ளைகளுக்குத் தனி இடம் தருவதும் அந்தக் கல்லூரியின் வழக்கம். டக்ளஸ் அங்கே படித்தவர். அவருடைய அப்பாவும் அங்கேதான். பிரெஸ்டன் ஆஸ்பத்திரியிலிருந்து வீட்டுக்கு வந்ததே கல்லூரியின் அடையாள நிறத்துத் தொப்பி போட்டுக்கொண்டுதான்.

ஆனாலும் கோர்ட்னிக்குத் தூக்கமில்லை. ஒரே பள்ளியிலிருந்து எத்தனை பேரைத்தான் எடுப்பார்கள்? தேர்வு நடத்துபவர்களுக்குப் பெயர் போடாமல் ஒரு மின்னஞ்சல் அனுப்பினாள்: நோரீன் பெலாஞ்சர் வாங்கிய மதிப்பெண்ணில் சந்தேகம் இருக்கிறது. நம்பும்படி இருக்கட்டும் என்று, அவள் தேர்வு எழுதிய அறையின் கண்காணிப்பாளர் தூங்கிக்கொண்டிருந்ததாகவும் சேர்த்தாள்.

தேர்வு நடத்துபவர்கள் நியாயவான்கள். கண்காணிப்பாளர் தூங்கினால் ஒருத்திக்கு மட்டுமா தூங்குவார்? அறையில் எழுதிய அத்தனை பேரின் மதிப்பெண்ணும் ரத்து. மறுதேர்வு.

"எவளோ ஒரு பொறாமை பிடிச்சவ மெயில் போட்டிருக்காம்மா!" என்று கத்தினான் பிரெஸ்டன். "நானும் அந்த ரூம்லதான் எழுதினேன்!"

கோர்ட்னி ஒரு டம்ளர் தண்ணீர் குடித்தாள். பிறகு இன்னொரு டம்ளர்.

மறுதேர்வில் பிரெஸ்டன் ஆயிரத்து இருநூற்றுத் தொண்ணூறு. நோரீன் எவ்வளவு வாங்கினாள் என்று யாருக்கும் தெரியவில்லை. லூமிஸ் சொல்லவில்லை. கோர்ட்னி தினமும் கடைக்குப் போய் டோனட் வாங்கினாள். அவளுக்கு எடை கூடியதே தவிர விவரம் கூடவில்லை.

"கவலைய விடுங்க மேடம்," என்றார் லூமிஸ். "அந்த காலேஜுக்கு மார்க் அனுப்பறதும் அனுப்பாததும் அவங்கவங்க விருப்பம். நாம அனுப்ப வேண்டாம். அவங்க முழு மனுஷனையும் பாத்துதான் எடுப்பாங்க."

பிரெஸ்டன் அனுப்பவில்லை. இடம் கிடைத்தது. நோரீன் அனுப்பினாள். நான்கு வருட கிரேடே உழைப்புக்குச் சான்று, அதனால் இடம் தர முடியவில்லை என்று வருத்தத்தோடு பதில் வந்தது.

மே மாதத்தில் கோர்ட்னியின் கார் கடை வாசலில் நின்றது. பின்கண்ணாடியில் கல்லூரியின் புது ஸ்டிக்கர். விருந்துக்கு, கல்லூரி நிறத்தில் சர்க்கரைப் பூச்சு போட்ட டோனட்டுகள் வேண்டும்.

"நீ எங்கம்மா சேரப் போற?"

"ஸ்டேட் யுனிவர்சிட்டில, மிஸஸ் ஹால்ஸ்டெட். பஸ்ல போய்ட்டு வந்துடுவேன். காலைல கடை இருக்கில்ல."

"அதுவும் நல்லதுதான். மனசுல வச்சுக்காத. மார்க் மட்டும் இருந்தா போதுமா? முழு மனுஷனையும்ல பாக்கறாங்க."

"ஆமா, பாக்கறாங்க," என்றாள் நோரீன், பெட்டியை மடித்தபடி. "தாத்தா வரைக்கும் பாக்கறாங்க."

கோர்ட்னி சிரித்துவைத்தாள். பெட்டிகளை வாங்கிக்கொண்டாள். கதவு வரைக்கும் போனவள் திரும்பி வந்தாள். கடையில் வேறு யாரும் இல்லை.

"ஒண்ணே ஒண்ணு கேக்கறேன். எல்லாம் முடிஞ்சு போச்சு, இனிமே என்ன? அந்த ரெண்டாவது தடவ... எவ்வளவு வாங்கின?"

நோரீன் மேடையைத் துடைத்தாள். துணியைப் பிழிந்தாள். மறுபடி துடைத்தாள்.

"மார்க்கச் சொல்றதும் சொல்லாததும் அவங்கவங்க விருப்பம்னு உங்க காலேஜே சொல்லுதே, மிஸஸ் ஹால்ஸ்டெட்," என்றாள். "எனக்குச் சொல்ல விருப்பமில்ல."