ஆடாத கை

நாயைப் பிடித்துக்கொண்டு வந்த பெண் வாயைத் திறப்பதற்குள் தையலம்மா விரலை உதட்டில் வைத்துவிட்டாள். உஷ் என்ற சத்தம்கூட எழவில்லை. இத்தனை வருடத் தாம்பத்தியத்தில் வேறு எதைக் கற்றாளோ இல்லையோ, சத்தமே போடாமல் ஊர் வாயை அடைக்கக் கற்றிருந்தாள்.

கால்வாய்க் கரையின் குட்டைச் சுவரை ஒட்டிய சிமென்ட் பெஞ்சில் அவள் கணவர் உட்கார்ந்திருந்தார். லிஃப்ட் மெக்கானிக், தெருவில் எல்லோருக்கும் லிஃப்ட்காரர். அவர் முழங்கைகள் இரண்டும் சுவரின் மேல் ஊன்றியிருந்தன. நடுவில் ஓர் அரிசிப் பை, அதன் மேல் நீளமான லென்ஸ், அதற்குப் பின்னால் கேமரா, கேமராவில் பதிந்த முகம். எதிர்க்கரையில் ஒரு சாம்பல் நாரை முழங்கால் தண்ணீரில் மீனுக்காக நின்றது. நாரையும் அசையவில்லை, அவரும் அசையவில்லை.

நாய் அவர் காலை மோந்து பார்த்துவிட்டு முனகியது.

"அவருக்கு ஒண்ணும் இல்லையே?" அந்தப் பெண் தணிந்த குரலில் கேட்டாள். "நான் அந்தப் பக்கம் போகும்போதும் இப்படியேதான் இருந்தார்."

"அவர் அப்படித்தாம்மா. பறவையைக் கண்டா சிலையாயிடுவார்." தையலம்மா சிரித்தாள். "நாயைக் கொஞ்சம் தள்ளிக் கூட்டிட்டுப் போயிடு. சத்தம் கேட்டா பறந்துடும்."

அந்தப் பெண் இன்னொரு முறை அவரைத் திரும்பிப் பார்த்துவிட்டு, வர மறுத்த நாயை இழுத்துக்கொண்டு போனாள்.

அது அந்த வீட்டுச் சட்டம். லிஃப்ட்காரர் கேமராவில் கண் வைத்துவிட்டால் யாரும் கூப்பிடக் கூடாது. இருமல் வந்தால் விழுங்க வேண்டும், தும்மல் வந்தால் அடுத்த அறைக்கு ஓட வேண்டும். சட்டம் பிறந்ததற்குக் காரணமே தையலம்மாதான். பல வருடங்களுக்கு முன்னால் ஒரு குளக்கரையில், அலகில் மீனோடு ஒரு மீன்கொத்தி அவருக்கு மிக அருகில் வந்து உட்கார்ந்தது. அவர் மூச்சைப் பிடித்துக்கொண்டு குனிந்த நேரம் பார்த்து, "என்னங்க, தண்ணி பாட்டிலை எங்க வெச்சீங்க?" என்று இவள் பின்னாலிருந்து குரல் கொடுத்தாள். மீன்கொத்தி போயே போய்விட்டது. மனிதர் திட்டியிருந்தால்கூடத் தேவலை. வீடு வந்து சேரும்வரை ஒரு வார்த்தை பேசவில்லை. அன்றைக்கு அவள் தன் வாய்க்குப் போட்டுக்கொண்ட பூட்டில், பிறகு மகன், நாத்தனார், வந்து போகும் விருந்தாளிகள் என்று எல்லோரும் அடங்கிவிட்டார்கள்.

அவருக்கு இந்தப் பைத்தியம் பிடித்தது வேலையில்தான். ஒரு கட்டடத்தின் உச்சியில், லிஃப்ட் மோட்டார் அறைக்குப் பின்னால், ஒரு வல்லூறு குஞ்சு பொரித்திருந்தது. அதைப் பார்த்து வந்த நாள் முதல் வீட்டில் வேறு பேச்சில்லை. பழைய கேமரா ஒன்று எப்படியோ அமைந்தது. லென்ஸ்தான் அமையவில்லை. இருந்த லென்ஸில் குருவியை எடுத்தால் மரம் அழகாக விழும், குருவி எங்கே என்று விரல் வைத்துக் காட்ட வேண்டும். "நம்ம பட்ஜெட்டுக்கு யானையைத்தான் எடுக்க முடியும். குருவிக்கெல்லாம் நமக்கு வசதி பத்தாது" என்று அவரே சொல்லிச் சிரிப்பார்.

புது லென்ஸ் என்ற பேச்சுக்கே இடமில்லை. அந்த விலைக்கு ஒரு சின்ன லிஃப்டே வாங்கலாம் என்பார். பழைய லென்ஸ்தான், அதிலும் எது என்பதில்தான் இரண்டு வருடம் ஓடியது. சாப்பாட்டு மேசையில் அதே பேச்சு. துணிக்கடையில் கால்சட்டைகளுக்கு உயரம் குறைத்துத் தைக்கிற தையலம்மாவுக்கு, எந்தக் குழாய் எவ்வளவு தூரம் எட்டும், எது இருட்டில் கண் கட்டும் என்பதெல்லாம் கேட்டுக் கேட்டே மனப்பாடம். லென்ஸை அவள் குழாய் என்றுதான் சொல்வாள்.

அன்று மத்தியானம் பழைய கேமராக் கடையின் கண்ணாடி மேசையில் இரண்டு குழாய்கள் அருகருகே நின்றன. இரண்டும் ஏறக்குறைய ஒரே விலை, இரண்டும் அவர்கள் கைக்கு எட்டுகிற விலை. ஒன்று ஜூம். அறுநூறு மில்லிமீட்டர் வரை எட்டும், கை நடுங்கினாலும் படம் நடுங்காமல் தாங்கும் ஸ்டெபிலைசர் உண்டு. ஆனால் கனம், வெளிச்சம் மங்கினால் தடுமாறும். இன்னொன்று நானூறோடு நின்றுவிடும் பழைய மாடல். ஜூமும் கிடையாது, ஸ்டெபிலைசரும் கிடையாது. ஆனால் இறகை இழை இழையாகக் காட்டும் என்று பெயர் வாங்கியது. லிஃப்ட்காரர் இரண்டுக்குள்ளும் டார்ச் அடித்துப் பூஞ்சை இருக்கிறதா என்று பார்த்தார். வளையத்தைத் திருப்பிக் காதருகே வைத்து, லிஃப்ட் மோட்டாரைக் கேட்பது போலவே கேட்டார். பிறகு நானூறைக் கீழே வைக்கவே இல்லை.

தையலம்மாவுக்குப் பொறுக்கவில்லை. கொஞ்ச நாளாகவே அவர் வலது கை விரல்கள் லேசாக நடுங்கிக்கொண்டிருந்தன. சும்மா மடியில் வைத்திருந்தாலும் நடுங்கும். கையில் கரன்ட் ஓடுது என்று அவர் கேலியாகச் சொல்லி, டாக்டரிடம் போவதைத் தள்ளிப்போட்டுக்கொண்டே வந்தார். வீட்டில் இருவரும் அதை வெளிப்படையாகப் பேசியதில்லை. கடைக்காரர் எதிரில் அவள் பேசிவிட்டாள்.

"உங்களுக்குத்தான் கை ஆடுதே. அதை வாங்கி என்ன பண்ணப் போறீங்க?"

கடைக்காரர் சட்டென்று துணியை எடுத்து மேசையைத் துடைக்க ஆரம்பித்தார். லிஃப்ட்காரரின் முகம் சுருங்கிப்போயிற்று. சொன்ன சொல்லைத் திரும்ப விழுங்க முடியுமா? அவர் தன் அடையாள அட்டையையும் பழைய லென்ஸையும் மேசைமேல் வைத்துவிட்டு, பின்பக்கக் கால்வாய்க்கரையில் ஒரு தடவை போட்டுப் பார்த்து வருகிறேன் என்று அனுமதி கேட்டார். வாசலில் அவளைத் திரும்பிப் பார்த்தார்.

"ஆடாது. பாரு."

இப்போது அவள் பார்த்துக்கொண்டிருந்தாள். முதலில் அவர் கேமராவை அரிசிப் பையின் மேல் வைத்தபோது விரல்கள் நடுங்கத்தான் செய்தன. அந்தப் பைகூட அவள் தைத்தது. பழைய கால்சட்டையின் ஒரு காலை வெட்டி, உள்ளே அரிசி நிரப்பி, இரண்டு தையல் போட்டுக் கொடுத்தது. நாரை வந்து நின்றது. கேமரா சடசடவென்று சில படங்கள் எடுத்தது. அவர் தோள்கள் இறங்கின, முகம் கேமராவில் இன்னும் அழுத்தமாகப் பதிந்தது. அதன் பிறகு நடுக்கம் இல்லை. கேமராவின் பிடியைச் சுற்றியிருந்த நான்கு விரல்களையும் அவள் மாறி மாறிப் பார்த்தாள். ஒன்றுகூட ஆடவில்லை.

அவளுக்கு வெட்கமாகவும் இருந்தது, சந்தோஷமாகவும் இருந்தது. பிடித்த வேலை என்றால் கைகூடக் கேட்கும் போலிருக்கிறது என்று நினைத்தாள். தேவையில்லாமல் மூன்றாம் மனிதர் எதிரில் மானத்தை வாங்கிவிட்டோமே என்று நொந்துகொண்டாள். நாரை போனதும் சொல்ல வேண்டியதை மனதுக்குள் தயார் செய்தாள். நீங்க ஜெயிச்சுட்டீங்க, அதையே வாங்கிக்கலாம், என் வாயில கொள்ளிக்கட்டையை வைக்க. கடைசிப் பகுதியைக் கேட்டால் அவர் நிச்சயம் சிரிப்பார்.

நாரை கழுத்தைச் சுருக்கியது. இறக்கையை விரித்தது. கால்வாய் மேலே நிதானமாக எழும்பி, அவர்கள் தலைக்கு மேலேயே வந்து, கிழக்கே திரும்பிப் பறந்தது. பறக்கும் பறவைக்காகத்தானே அவர் இத்தனை வருடம் தவம் கிடந்தார்.

லென்ஸ் திரும்பவில்லை. நாரை நின்ற இடத்தில் வெறும் தண்ணீர் கிடந்தது. லென்ஸ் அந்தத் தண்ணீரையே பார்த்துக்கொண்டிருந்தது.

அப்போதும் தையலம்மா கூப்பிடவில்லை. அதைத்தான் பிறகு அவளால் தாங்கவே முடியவில்லை. வேறு ஏதோ பறவை இருக்கிறது போல, நமக்குத்தான் தெரியவில்லை என்று எட்டிப் பார்த்தாள். எட்டிப் பார்த்தபோது அவர் தோளில் கை பட்டது. அவர் பக்கவாட்டில் சரிந்தார். கேமரா கல்லில் மோதியது. அவர் கேமராவைக் கீழே விடுகிற ஆள் இல்லை என்பது அவளுக்கு உடனே தெரிந்தது, மற்றது தெரிய இன்னும் கொஞ்ச நேரம் ஆயிற்று.

ஆஸ்பத்திரியில் இளம் டாக்டர் ஒருவர் அவளை உட்காரவைத்துப் பேசினார். இதயம் நின்றுவிட்டது, வலி தெரிந்திருக்காது என்றார்.

"பெரும்பாலும் அந்த நிமிஷமே உயிர் போயிருக்கும்மா."

"பெரும்பாலும்னா?"

டாக்டர் அவளைப் பார்த்தார். "உறுதியா சொல்ல முடியாது."

பக்கத்தில் ஆள் இருந்து உடனே பார்த்திருந்தால் என்று அவள் கேட்க நினைத்தாள். பக்கத்தில் ஆள் இருந்தது. நாயோடு வந்த ஒருத்தி கேட்கவும் செய்தாள். அவளைச் சிரித்து அனுப்பியது யார் என்று டாக்டர் கேட்கவில்லை, இவளும் சொல்லவில்லை.

மறுநாள் காலை அவரை வீட்டுக் கூடத்தில், ஜன்னலோரம் கிடத்தியிருந்தார்கள். வெளியூரிலிருந்து மகன் வந்து சேர்ந்தான். நாத்தனார், லிஃப்ட்காரருக்கு அக்கா, வாசலிலேயே நின்று வருகிறவர்களுக்கெல்லாம் சொல்லிக்கொண்டிருந்தாள்.

"பிடிச்சதைச் செஞ்சுட்டே போயிட்டான். பக்கத்துல பொண்டாட்டி. நோயில்ல, நொடியில்ல. இப்படி ஒரு சாவு யாருக்குக் கிடைக்கும்?"

கொடுத்து வைத்தவர் என்று எல்லோரும் தலையாட்டினார்கள். ஒவ்வொரு தலையாட்டலையும் தையலம்மா பார்த்துக்கொண்டிருந்தாள். அவள் அழவில்லை. அழுதுவிடு, அழுதுவிடு என்று பக்கத்து வீட்டுக்காரி முதுகைத் தடவினாள். அவள் எழுந்து போய் அவர் சட்டைக் கை ஓரத்தில் தொங்கிய நூலை வெட்டக் கத்தரிக்கோல் தேடினாள். கத்தரிக்கோலைக் கண்டுபிடித்தாள். எதற்கு எடுத்தோம் என்பது மறந்துபோய் சமையலறையில் நின்றாள்.

மகன் அங்கே வந்தான். அவன் கையில் அப்பாவின் கேமரா இருந்தது, ஓரம் நசுங்கி. அவள் அதை வாங்கி, கடைசியாக எடுத்தது எது என்று காட்டச் சொன்னாள். அவன் காட்டினான். நாரை. கண்ணின் மஞ்சள் வளையம், கழுத்துக் கறுப்புக் கோடு, அலகின் நுனியில் ஒரு சொட்டுத் தண்ணீர். இறகு இழை இழையாகத் தெரிந்தது.

"கொஞ்சம்கூட ஆடலம்மா," என்றான் மகன்.

"இதுக்கப்புறம்?"

"இதுக்கப்புறம் இல்ல."

இதற்குப் பிறகுதான் நாய்க்காரி வந்தாளா, எத்தனை நேரம் கழித்து வந்தாள், அப்போது அவருக்குள் மூச்சு மிச்சமிருந்ததா? படம் எடுப்பது நின்றது தெரிகிறது. மற்றது எது எப்போது நின்றது என்று கேமராவுக்குத் தெரியாது. மகனிடம் சொல்லிவிடலாமா என்று வாயெடுத்தாள். அவன் தூங்காத கண்களோடு அந்த நாரையையே பார்த்துக்கொண்டிருந்தான். அவள் கேமராவை அணைத்து அவன் கையிலேயே கொடுத்தாள்.

கடைக்காரர் வந்தார். அடையாள அட்டையையும் பழைய லென்ஸையும் ஒரு துணிப் பையில் போட்டுக் கொண்டுவந்திருந்தார். நானூறைத் திருப்பிக் கேட்க அவருக்கு வாய் வரவில்லை. கூடத்தில் உட்கார இடமிருந்தும் சுவரோரம் நின்றார். தையலம்மா தானே போய் மகனிடம் சொல்லி, லென்ஸைக் கழற்றி மூடி போட்டுக் கொண்டுவந்து கொடுத்தாள்.

"அவர் சொன்னதுதான் சரி," என்றாள். "கை ஆடவே இல்ல."

கடைக்காரர் லென்ஸை இரண்டு கையாலும் வாங்கிக்கொண்டார். சரிங்கம்மா என்றார்.

வாசலில் வண்டி வந்து நின்றது. கூடத்தில் பேச்சு உயர்ந்தது. யார் எந்தப் பக்கம் தூக்குவது, செருப்பை நகர்த்துங்கள், வழி விடுங்கள் என்று ஆளாளுக்குச் சொன்னார்கள். அந்த நேரத்தில்தான் ஜன்னல் விளிம்பில் ஒரு சிட்டுக்குருவி வந்து உட்கார்ந்தது. அங்கே லிஃப்ட்காரர் தினமும் தண்ணீர் ஊற்றி வைக்கும் கிண்ணம் இருந்தது. நேற்றுக் காலை ஊற்றியது இன்னும் பாதி இருந்தது.

முதலில் பார்த்தது மகன். அவன் கை தானாக உயர்ந்தது. நாத்தனார் பேச்சைப் பாதியில் நிறுத்தினாள். தூக்க வந்தவர்கள் குனிந்தபடியே நின்றார்கள். பழக்கப்பட்ட வீடு; விருந்தாளிகளும் பழகியவர்கள். யாரும் இருமவில்லை. குருவி கிண்ணத்தின் விளிம்பில் நின்று ஒரு வாய் குடித்தது, தலையைத் தூக்கியது, மறுபடி குடித்தது.

தையலம்மா அவர் முகத்தைப் பார்த்தாள். பிறகு கையைப் பார்த்தாள்.

"என்னங்க," என்று கூப்பிட்டாள்.

குரல் பெரிதாகத்தான் வந்தது. மகன் திடுக்கிட்டுத் திரும்பினான். அவள் அவனைப் பார்க்கவில்லை. இன்னும் குனிந்து, இன்னும் உரக்க, "என்னங்க" என்றாள்.

குருவி பறந்துவிட்டது. கிண்ணத்துத் தண்ணீர் மட்டும் கொஞ்ச நேரம் ஆடிக்கொண்டிருந்தது.