தலைவர் வீட்டில் கதிரை இறக்கிய நாள்

பேராதனைப் பல்கலைக்கழகத்தில் முதுகலை படிக்கிறவர்கள் கடைசி வருடத்தில் ஆளுக்கொரு நிறுவனத்துக்கு ஆலோசகராகப் போக வேண்டும். போய், அந்த நிறுவனத்துக்கு ஒரு தொழில்நுட்பக் கொள்கை எழுதிக் கொடுத்து, அவர்கள் கையெழுத்தோடு திரும்பி வர வேண்டும். ஒருவனுக்கு வங்கி கிடைத்தது. கூடப் படிக்கிற நப்லாவுக்குக் காப்புறுதிக் கம்பெனி, அதுவும் மதியச் சாப்பாட்டோடு. சுதர்சினிக்குக் கிடைத்தது கெலிஓயா கடைவீதி மரண உதவிச் சங்கம். தலையெழுத்து, வேறென்ன சொல்வது?

ஆனால் அந்த வங்கியைவிட இந்தச் சங்கத்துக்குத்தான் கொள்கை அவசரமாகத் தேவைப்பட்டது. அதன் தலைவர் பெரியதம்பி போன மாதம் வாட்ஸ்அப்பில் செத்துப்போயிருந்தார்.

நடந்தது இதுதான். சங்கத்தின் கூடாரமும் ஆட்கள் உட்காரும் பிளாஸ்டிக் கதிரைகளும் எந்த வாசலில் இறங்குகின்றனவோ அந்த வீட்டில் சாவு. இது கெலிஓயாவில் பச்சைப் பிள்ளைக்கும் தெரியும். ஹாட்வெயார் கடை வைத்திருக்கும் பெரியதம்பி நல்ல வெயில் நாளாகப் பார்த்து, கதிரைகளைக் கழுவலாமென்று தன் வீட்டு முற்றத்திலேயே இறக்கச் சொன்னார். சொல்லிவிட்டு, போனைச் சார்ஜில் போட்டு, சாப்பிட்டுப் படுத்துவிட்டார். அந்தப் பக்கமாகப் போன ஆட்டோக்காரர் ஒருவர் சங்கத்தின் குழுவில், 'தலைவர் வீட்டுல கதிரை இறக்குறாங்க' என்று போட்டார். அவ்வளவுதான். கைகூப்பிய படங்கள் வந்து குவிந்தன. மனிதர் எழுந்து தேத்தண்ணி கேட்டபோது வாசலில் மாலையோடு ஒரு கூட்டம் நின்றது.

வந்து குவிந்ததிலேயே நீளமான அஞ்சலி சங்கத்தின் செயலாளர் மோகனராஜுடையது. எதிர்ப்பக்கத்துப் புடவைக் கடைக்காரர். கடை முன்னால் லொறி நிறுத்துகிற தகராறில் இருவரும் முறைத்துக்கொண்டு வருடக்கணக்காகிறது. கூட்டத்தில் தலைவர் கிழக்கென்றால் செயலாளர் மேற்கு. அப்பேர்ப்பட்டவர், 'இப்படியொரு மனுசன் இனிப் பொறக்கப் போறதில்ல' என்று தொடங்கி எழுதித் தள்ளியிருந்தார். பெரியதம்பி சும்மா இருப்பாரா? அதை அச்செடுத்து, லெமினேட் பண்ணி, கல்லாவுக்கு மேலே சாமிப் படத்துக்குப் பக்கத்தில் மாட்டிவிட்டார். ஆணி வாங்க வருகிறவர்கள் அதை வாசித்துவிட்டு எதிர்க்கடையைப் பார்த்துச் சிரித்தார்கள்.

சுதர்சினி எழுதியது நல்ல கொள்கை, குறை சொல்ல முடியாது. குடும்பத்தாரிடம் கேட்டு உறுதிப்படுத்திய பிறகுதான் மரண அறிவித்தல். அதையும் செயலாளர் மட்டுமே போடலாம். ஏழாம் பிரிவுதான் வில்லங்கம். தவறான அறிவித்தலையும் அதற்கு வந்த அஞ்சலிகளையும் பிரதிகளோடு அழித்துவிட வேண்டும் என்று அதில் எழுதியிருந்தாள்.

அந்தப் பிரிவு இருந்தால் கையெழுத்துப் போட மாட்டேன் என்றார் தலைவர். எடுத்தால் போட மாட்டேன் என்றார் செயலாளர். வெள்ளிக்கிழமை அவளுக்கு நேர்முகப் பரீட்சை. இரண்டு கையெழுத்தும் இல்லாமல் போனால் அடுத்த வருடம் முதலிலிருந்து தொடங்க வேண்டியதுதான். அவள் வேலை பார்க்கும் காரியாலயம் இன்னொரு தடவை படிப்பு லீவு தராது. கடுகண்ணாவையிலிருந்து பஸ்ஸில் வந்து இறங்கி, ஹாட்வெயாருக்கும் புடவைக் கடைக்கும் இடையே ரோட்டைக் கடந்து கடந்து செருப்புத் தேய்ந்ததுதான் மிச்சம்.

வியாழக்கிழமையும் போனாள். பெரியதம்பி தேத்தண்ணி வரவழைத்தார். அதில் குறை வைக்க மாட்டார்.

"புள்ள, நான் உசுரோட இருக்கப்ப அவன் ஒரு நல்ல வார்த்த சொல்ல மாட்டான். செத்த பொறகு சொன்னா எனக்குக் கேக்காது. ஏதோ நடுவுல கெடச்சிச்சு. அதப் போய் அழிக்கச் சொல்றீங்களே."

சுதர்சினிக்குப் பொறுமை போய்விட்டது. "அப்ப அவரையே கூப்பிட்டு முகத்துக்கு நேரா சொல்லச் சொல்லுங்க ஐயா. சொல்லிட்டா அந்த அட்ட எதுக்கு?"

சொன்ன பிறகு நாக்கைக் கடித்துக்கொண்டாள். போச்சு, இருந்த கொஞ்ச நஞ்சமும் போச்சு என்று நினைத்தாள். பெரியதம்பி கோப்பையைக் கீழே வைத்தார்.

"நல்லா இருக்கே. அதையே ஏழாம் பிரிவுல எழுதுங்க. அவன் வந்து வாசிக்கட்டும். நானே அழிக்கிறேன்."

சுதர்சினி ஏழாம் பிரிவைப் பேனையாலேயே மாற்றி எழுதிக்கொண்டு எதிர்க்கடைக்கு ஓடினாள். மோகனராஜ் முடியவே முடியாதென்றார். பிறகு, சுவரில் தொங்குகிற அந்தச் சனியன் ஒழிந்தால் போதுமென்று, துணி அளக்கிற கோலைக் கையில் பிடித்தபடியே ரோட்டைக் கடந்து வந்தார். கல்லாவுக்கு முன்னால் நின்று அண்ணாந்து பார்த்தார். புதிதாக வந்தவர்கள் சாமி கும்பிடுகிறார் என்றுதான் நினைத்திருப்பார்கள்.

பள்ளிக்கூடத்துப் பையன் பாடம் ஒப்பிக்கிற வேகத்தில் ஆரம்பித்தார். "இப்படியொரு மனுசன் இனிப் பொறக்கப் போறதில்ல. எங்க அம்மா செத்தப்ப ஊரடங்கு. தூக்க ஆளில்ல. அண்ணன்தான் பொலிஸ்ல பாஸ் கேட்டு வாங்கி, மொத ஆளா வந்து தோள் குடுத்தாரு. அன்னைக்கு நான்…"

அதோடு நின்றுவிட்டார். அட்டையிலிருந்து கண்ணை இறக்கி, வருடக்கணக்கில் பார்க்காத முகத்தைப் பார்த்தார்.

"அன்னைக்கு நான் ஒண்ணுமே சொல்லல அண்ணே. சொல்லியிருக்கணும்."

ஆணி வாங்க வந்தவர்கள் யாரும் சிரிக்கவில்லை. சுதர்சினிக்கு எதற்கு வந்தோம் என்பதே கொஞ்ச நேரம் மறந்துபோயிற்று.

பெரியதம்பி ஸ்டூலில் ஏறி அட்டையைக் கழற்றினார். போனை எடுத்து, அதில் வைத்திருந்த பிரதியையும் அழித்தார். கையெழுத்துப் போட்டுவிட்டு, பேனையை மோகனராஜிடம் நீட்டினார்.

"நான் நெசமா போறப்ப மறுபடி எழுதணுமே. ஞாபகம் இருக்குமா?"

மோகனராஜ் தன் கையெழுத்தையும் போட்டு, கொள்கைத் தாள்களைச் சுதர்சினியிடம் கொடுத்தார். கோலை எடுத்துக்கொண்டு வாசல்வரை போனவர் திரும்பி நின்றார்.

"இன்னொரு தடவ எழுத என்னால ஆகாது. நீங்க இருங்க, அண்ணே."