வேலைக்கண்

கடைத்தெருவில் அவரை எல்லோரும் ‘ரசமட்டம்’ என்றுதான் கூப்பிடுவார்கள். கொத்தனார்கள் மட்டம் பார்க்கும் கருவியின் பெயரை அவருக்கு வைத்தவன் பக்கத்து ஜெராக்ஸ் கடைக்காரன். சுவரில் ஒரு படம் நூலளவு சாய்ந்து தொங்கினாலும் அவரால் சும்மா இருக்க முடியாது. அடுத்தவர் கடையாக இருந்தாலும் உள்ளே போய் நிமிர்த்திவிட்டுத்தான் மறுவேலை. பின்னால் மனைவியானவளைப் பெண் பார்க்க, அவர் முதன்முதலாக அவள் வீட்டுக்கு வந்த அன்றும் அப்படித்தான். கூடத்தில் இருந்தவர்கள் எல்லோரும் அவரையே பார்த்துக்கொண்டிருக்க, அவர் எழுந்துபோய்க் கோணலாகத் தொங்கிய காலண்டரைச் சரிசெய்தார். அவளுக்குச் சிரிப்பை அடக்க முடியவில்லை. இந்த மனுஷன் எதையும் கோணலாக விடமாட்டார் என்று அன்றைக்கே மனசுக்குள் முடிச்சுப் போட்டுவிட்டாள்.

கல்யாணத்துக்குப் பிறகு அவருடைய படச்சட்டக் கடை இருவருடையதாயிற்று. அவர் கட்டை அறுத்து மூலை சேர்ப்பார். அவள் கண்ணாடி அறுப்பாள். ஒவ்வொரு கட்டையையும் எடுத்ததும் அவர் செய்வது ஒன்றுதான். ஒரு முனையைக் கன்னத்தில் ஒட்டிவைத்து, இடக்கண்ணை மூடிக்கொண்டு, வலக்கண்ணால் அதன் நீளம் முழுவதையும் துப்பாக்கி பிடிப்பவர்போலப் பார்ப்பார். வலக்கண்தான் அவருக்கு வேலைக்கண். இடக்கண், அவர் பாஷையில், “சாப்பிடவும் டிவி பார்க்கவும்.”

ஒருநாள் காலையில் அப்படிப் பார்த்தவர் முகத்தைச் சுளித்தார்.

“நடுவுல வளைஞ்சிருக்கு.”

அடுத்த கட்டையும் வளைந்திருந்தது. அதற்கடுத்ததும். கட்டு முழுவதையும் மரக்கடைக்குத் திருப்பி அனுப்பினார். மறுபடி வந்த கட்டிலும் அதே கதை. இழைப்புளியை எடுத்து இழைக்கத் தொடங்கினார். இழைக்க இழைக்க, நேராக இருந்த கட்டைகள் உண்மையாகவே கோணலாயின. மூலைகள் சேராமல் வாயைப் பிளந்தன.

“என்னண்ணே, ரசமட்டத்துல ரசம் தீர்ந்துபோச்சா?” என்றான் ஜெராக்ஸ் கடைக்காரன்.

“போடா, உன் மிஷின்ல மை இருக்கான்னு முதல்ல பாரு.”

திருப்பி அனுப்பச் சொன்ன கட்டைகளில் ஒன்றை, அவர் இல்லாத நேரத்தில் அவள் தன் மேஜைமேல் கிடத்திப் பார்த்திருந்தாள். துளி இடைவெளியில்லாமல் பலகையோடு ஒட்டிக்கொண்டது. ஆனாலும் முப்பது வருஷம் பார்த்த கண்ணைவிடத் தன் மேஜை பெரிதா என்று நினைத்துப் பேசாமல் இருந்துவிட்டாள்.

அன்று மத்தியானம் அவள் அறுத்துவைத்திருந்த கண்ணாடியை அவர் எடுத்தார். பழக்கதோஷத்தில் அதன் விளிம்பையும் கண்ணருகே கொண்டுபோனார்.

“இதுவும் வளைஞ்சிருக்கேம்மா.”

அவள் கையிலிருந்த அளவுகோல் அப்படியே நின்றது.

“ஏங்க, கண்ணாடி எப்படிங்க வளையும்?”

அவர் மறுபடி பார்த்தார். பிறகு வலக்கண்ணை மூடி இடக்கண்ணால் பார்த்தார். முகம் மாறியது. கண்ணாடியை மெதுவாக, தூங்கும் குழந்தையைக் கிடத்துவதுபோல, மேஜைமேல் வைத்தார்.

ஆஸ்பத்திரியில் டாக்டரம்மா பொறுமையாகத்தான் சொன்னார். “கண்ணுக்குள்ள பின்பக்கம் விழித்திரைன்னு ஒண்ணு இருக்கு. அங்கேர்ந்து ரத்தம் திரும்பிப் போற குழாய் அடைச்சுக்கிச்சு. போக வழியில்லாம ரத்தமும் நீரும் கசிஞ்சு, நடுப்பார்வை இருக்கிற இடம் வீங்கிப்போயிருக்கு. அதனாலதான் நேர்க்கோடு வளைஞ்சு தெரியுது. உங்க ரத்தக்கொதிப்பும் எக்கச்சக்கமா இருக்கு. மாத்திரை போடுறீங்களா?”

“தலை சுத்தும்போது போடுவேன்.”

டாக்டரம்மா பெருமூச்சு விட்டார். “தினமும் போடணும். கண்ணுக்கு ஊசி போட்டா வீக்கம் குறையும். ஒண்ணு ரெண்டுல முடியாது, தொடர்ந்து வரணும்.”

“ஊசி எங்க போடுவீங்க?”

“கண்ணுலதான்.”

அவர் எழுந்துவிட்டார்.

வீட்டுக்கு வந்து செருப்பைக் கழற்றும்போது, “வலியே இல்லையேம்மா. வலியில்லாத நோவுக்குக் கண்ணுல குத்துவாங்களாம்” என்றார். அவள் கெஞ்சினாள், கோபித்தாள், ஒருநாள் சமைக்காமல்கூட இருந்து பார்த்தாள். அவர் அவள் கையைப் பிடித்துக்கொண்டு, “இன்னொரு கண்ணு இருக்குல்ல? கட்டை பார்க்க நீ இருக்கல்ல?” என்றபோது அவள் பிடிவாதம் உருகிப்போனது.

இடக்கண்ணால் நேர் பார்க்க அவருக்கு வரவில்லை. அதனால் கட்டையை அவள் கன்னத்தில் வைத்தார். பின்னால் நின்று, “முனையைப் பார்க்காத, முனைக்கு அந்தப்பக்கம் பாரு” என்று சொல்லிக்கொடுத்தார். அவர் கை அவள் தோளில் இருந்தது. இத்தனை வருஷத்தில் அவர் அவளிடம் இப்படிச் சாய்ந்ததே இல்லை. அவளுக்கு அது பிடித்திருந்தது. டாக்டரம்மா மறுபடி வரச்சொல்லியிருந்த நாள் வந்தபோது, “அடுத்த வாரம் போகலாங்க, வேலை நிறைய கிடக்கு” என்று சொன்னது அவர் இல்லை, அவள்தான்.

“ரெண்டு பேருக்கும் சேர்த்து ஒரு கண்ணா? சிக்கனக் குடும்பம்!” என்றான் ஜெராக்ஸ் கடைக்காரன். மூவரும் சிரித்தார்கள். கடையில் மூலைகள் மறுபடி சேர்ந்தன. குறை ஒன்றும் வெளியே தெரியவில்லை. தெரிந்திருந்தால் நன்றாக இருந்திருக்கும் என்று அவள் நினைத்துக்கொண்டது எல்லாம் முடிந்த பிறகு.

உள்ளே நோய் தன் பாட்டுக்கு வேலை செய்துகொண்டிருந்தது. வளைந்து தெரிந்த கோடுகள் நடுவில் அறுந்தன. அறுந்த இடம் சாம்பல் நிறமாகி, பிறகு இருண்டது. ஒரு மாலை அவர் இடக்கண்ணைக் கையால் பொத்திக்கொண்டு அவளையே பார்த்தபடி உட்கார்ந்திருந்தார்.

“என்னங்க பார்க்குறீங்க?”

“உன் காது தெரியுது. தோடு தெரியுது. கழுத்து தெரியுது.” சிரிக்க முயன்றார். “மூஞ்சியைத்தான் எங்கேயோ வச்சுட்டு வந்துட்ட.”

அவள் எழுந்து சமையலறைக்குப் போய்க் குழாயைத் திறந்துவிட்டு அழுதாள். மறுநாளே போகலாம் என்றாள். “போனது போச்சு, இனிமே போய் என்ன?” என்றார் அவர். சில வாரங்களில் அந்தக் கண்ணுக்குள் கறுப்புச் சிலந்திவலைகள் மிதந்தன. பிறகு ஒருநாள் கண் மிளகாய்ப்பழமாகச் சிவந்து, தலை பிளக்கும் வலியில் அவர் வாந்தி எடுத்துச் சுருண்டு விழுந்தார். வலியே இல்லாத நோவு என்றவரை, ஜெராக்ஸ் கடைக்காரன்தான் தூக்கி ஆட்டோவில் ஏற்றினான்.

டாக்டரம்மா இந்தமுறை பெருமூச்சுகூட விடவில்லை. அதுதான் அவளைப் பயமுறுத்தியது.

“அடைப்பு அப்படியே கிடந்ததால, உள்ள ரத்தம் பத்தாம புதுசு புதுசா மெல்லிசான குழாய்கள் முளைச்சிருக்கு. அதுலேர்ந்து ரத்தம் கசிஞ்சிருக்கு. கண்ணுக்குள்ள இருக்கிற தண்ணி வடியற வழியையும் அந்தக் குழாய்ங்க மூடிடுச்சு. அழுத்தம் ஏறிப்போச்சு. வலியைக் குறைக்க முடியும்.”

“பார்வை?” என்றாள் அவள்.

டாக்டரம்மா மேஜைமேல் இருந்த பேனாவை எடுத்து மூடினார். “இருக்கிற கண்ணைப் பத்திரமாப் பார்த்துக்குங்க. கொதிப்பு அடங்காட்டி அதுக்கும் வரலாம். ஏதாவது வித்தியாசம் தெரிஞ்சா அன்னைக்கே வாங்க.”

அதற்குப் பிறகு மாத்திரையை அவளே அவர் வாயில் போட்டாள். தெருவில் எப்போதும் அவருக்கு வலப்பக்கமாகவே நடந்தாள். அந்தப் பக்கம் வரும் வண்டி அவருக்குத் தெரியாது. அவர் பிடிவாதக்காரர். சாப்பிடவும் டிவி பார்க்கவும் மட்டும் இருந்த இடக்கண்ணுக்குத் தினமும் பாடம் நடத்தி, கட்டையை இடது கன்னத்தில் வைத்துப் பார்க்கக் கற்றுக்கொண்டார். மாதக்கணக்கில் ஆயிற்று. முதல்முறை சரியாகச் சொன்னபோது கடையில் இருந்த வாடிக்கையாளருக்கெல்லாம் டீ வாங்கிக்கொடுத்தார்.

அடுத்த வருஷம், ஒரு முற்பகல். அவர் கட்டை ஒன்றை எடுத்துப் பார்த்தார். வைத்தார். இன்னொன்றை எடுத்தார். அதையும் வைத்தார். மூன்றாவதை வெகுநேரம் பிடித்துக்கொண்டு நின்றார். வளைந்திருக்கிறது என்று சொல்லவில்லை. மரக்கடையைத் திட்டவும் இல்லை.

“அந்தக் கண்ணாடியைக் கொஞ்சம் குடு” என்றார்.

அப்போதுதான் அவள் அறுத்த கண்ணாடி அது. கொடுக்காமல் நின்றாள். அவர் கையை நீட்டியபடியே இருந்தார். கொடுத்தாள்.

விளிம்பை இடக்கண்ணருகே கொண்டுபோய் அவர் பார்த்தார். பார்த்துக்கொண்டே இருந்தார்.

“நான்தாங்க கோணலா அறுத்துட்டேன்” என்றாள் அவள் அவசரமாக. “காலையிலேர்ந்து கையே சரியில்ல.”

அவர் கண்ணாடியைக் கீழே வைத்தார்.

“நீ ஒரு நாளும் கோணலா அறுத்ததில்லம்மா.”

அவள் ஷட்டரை இழுத்து மூடினாள். ஆஸ்பத்திரி திறந்திருக்கும் நேரம்தான். இந்தமுறை அவர் மறுக்கவில்லை. சட்டையில் ஒட்டியிருந்த மரத்தூளைத் தட்டிவிட்டுக்கொண்டு, “ஊசி போட்டா நேராயிடுமா?” என்று மட்டும் கேட்டார்.

“போய்க் கேட்போங்க.”

“அந்தக் கண்ணுக்கே கேட்டிருக்கலாம்.”

தெருவில் இறங்கியதும் அவள் வழக்கம்போல வலப்பக்கம் போனாள். பிறகு இடப்பக்கம் வந்தாள். எந்தப் பக்கம் நிற்பது என்று தெரியாமல் நின்றாள். அவர் கையை நீட்டி அவள் தோளைப் பிடித்துக்கொண்டு, “முன்னாடி நட, நான் பின்னாலயே வரேன்” என்றார்.