இடி இறங்கிய சாயங்காலம்

ஃபிரிஸ்கோ நகரிலிருந்து ஆபீஸுக்கு சபரிநாதனும் லீஹ்வாவும் ஒரே காரில்தான் போய்வருவார்கள். லீஹ்வா சீனாவில் ஹுனான் பக்கத்துக்காரர். சபரியைவிடப் பத்து வயது மூத்தவர். அந்த ஏப்ரல் சாயங்காலம் திரும்பும் வழியில் வானம் இருண்டு, கோலிக்குண்டு சைஸில் ஆலங்கட்டி கொட்டத் தொடங்கியது. சபரி அவசரமாக ஒரு கேஸ் ஸ்டேஷனில், பெட்ரோல் போடும் கூரைக்கடியில் காரை ஒதுக்கினான்.

பளீரென்று ஒரு மின்னல். கார் அதிர ஓர் இடி.

லீஹ்வா அவனை ஏற இறங்கப் பார்த்தார். "எங்க ஊர்ல இடி சாமி சும்மா இறங்க மாட்டார். பொய் சொன்னவன், பெத்தவங்களைப் பட்டினி போட்டவன் தலையைத் தேடித்தான் வருவார். மனசுல ஏதாவது இருந்தா இப்பவே சொல்லிடு. உன் பக்கத்துல உட்கார்ந்த பாவத்துக்கு நான் சாக முடியாது."

சபரி சிரித்தான். அடுத்த இடியில் சிரிப்பு நின்றது.

"போன வாரம் டென்டிஸ்ட்னு லீவ் போட்டேனே, அது கிரிக்கெட் மேட்ச்."

டமால்!

"பத்தலை," என்றார் லீஹ்வா.

"தினமும் வாக்கிங் போறேன்னு அப்பாகிட்ட சொல்றேன். போறதில்லை."

டமால்! இன்னும் கிட்டத்தில். மனைவியின் முகம் நினைவுக்கு வர, சபரி ஸ்டியரிங்கைக் கட்டிக்கொண்டான். "ஸ்வர்ணா உங்களுக்குன்னு சாப்பாடு கட்டித் தர்றான்னு சொன்னேனே... அது எனக்குக் கட்டினது. உங்ககிட்ட தள்ளிட்டு நான் பீட்சா சாப்பிட்டேன்."

"எட்டு மாசமாவா? அந்தப் பொண்ணோட அன்பை நினைச்சு நான் பட்டு சால்வை வாங்கி வச்சிருக்கேனே! போன் போடு அவளுக்கு!"

ஸ்பீக்கரில் சபரி ஒரே மூச்சில் எல்லாவற்றையும் கொட்டினான். அந்தப் பக்கம் ஸ்வர்ணாவின் குரல் எகிறியது.

"அப்போ டப்பாவை வழிச்சுச் சாப்பிட்டது நீங்க இல்லையா? பாகற்காய் பிட்லையில ஒரு துண்டுகூட மிச்சமில்லையேன்னு பூரிச்சுப் போனேனே!"

லீஹ்வா போன் பக்கம் குனிந்தார். "பாகற்காய் பிரமாதம், ஸ்வர்ணா!"

முதலில் ஸ்வர்ணாதான் சிரித்தாள். பிறகு லீஹ்வா கண்ணில் நீர் வரச் சிரித்தார். மழை விட்டது. கார் பானட் முழுக்கக் குழி. சபரிக்கோ மனசு பஞ்சு போல லேசாகிவிட்டது. பாட்டுப் பாடிக்கொண்டே ஓட்டினான்.

திங்கட்கிழமை டப்பா வந்தது, மூடியில் லீஹ்வா பெயர் எழுதி. அவனுக்கு ஒன்றும் இல்லை. மத்தியானம் மைக்ரோவேவிலிருந்து வத்தக்குழம்பு மணம் கிளம்ப, சபரி பீட்சாவோடு எதிரில் வந்து உட்கார்ந்தான்.

"ஒரே ஒரு வாய்..."

லீஹ்வா டப்பாவைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டார். கொஞ்சம் யோசித்து, அப்பளத்தில் கால்வாசி ஒடித்துக் கொடுத்தார்.