பின் சீட்டிலிருந்து ஒரு குரல்

கணவர் ஜெய்சங்கரின் தோளில் சாய்ந்தபடி கோலாலம்பூரைப் பார்க்க வேண்டும் என்பதுதான் தவமணியின் ஒரே ஆசை. கல்யாணமாகி இருபத்திரண்டு வருஷத்தில் இதுதான் முதல் சுற்றுலா.

ஆனால் ஊர் சுற்றிக் காட்டும் பஸ் வந்ததும், "நீயும் பாப்பாவும் முன்னாடி உக்காருங்க" என்று சொல்லிவிட்டு அவர் பின்னால் போய்விட்டார். திருவெறும்பூர் டவுன் பஸ்ஸில் பெண்கள் முன்னால், ஆண்கள் பின்னால் என்றே பழகிய மனுஷர்.

"அப்பா, இங்க லேடீஸ் சீட்டெல்லாம் கிடையாதுப்பா!" என்று மகள் சௌமியா கத்தினாள்.

"இருக்கட்டும்மா, இங்க காத்து நல்லா வருது."

மூன்று நாளும் அதே கதைதான். இரட்டைக் கோபுரம் வந்தபோதுகூட, "தவம், எடது பக்கம் பாரு!" என்று பின்னாலிருந்து குரல் மட்டுமே வந்தது. பக்கத்தில் வந்து உட்காருங்கள் என்று மகள் எதிரில் சொல்லத் தவமணிக்குக் கூச்சம்.

திருச்சியில் வந்து இறங்கி, டோல்கேட் ஸ்டாப்பில் திருவெறும்பூர் டவுன் பஸ் பிடித்தார்கள். ஜெய்சங்கர் வழக்கம்போலப் பின்னால் போனார். தவமணி சௌமியாவை முன்னால் உட்காரவைத்துவிட்டு, கம்பியைப் பிடித்தபடி நடந்துபோய் அவர் பக்கத்தில் உட்கார்ந்தாள்.

"அக்கா, முன்னாடி எடம் இருக்கே" என்றார் கண்டக்டர்.

"இருக்கட்டுங்க. இவரு எனக்கு இன்னும் ஊரைச் சுத்திக் காட்டி முடிக்கல."

ஜெய்சங்கர் திருதிருவென்று விழித்தார். பிறகு எழுந்து சன்னலோரத்தை அவளுக்கு விட்டார்.

"தவம், அங்க பாரு, பொன்மலை" என்றார் மெதுவாக.

ஆயிரம் தடவை பார்த்த மலைதான். அவர் தோளில் சாய்ந்துகொண்டு அவள் இன்னொரு தடவை பார்த்தாள்.